ஸ்டாக் ஈசியூல வேற இன்ஜெக்டர் ஓட வைக்கிறது: வயரிங்ல இருந்து டியூனிங் வரைக்கும், வரிசை மாறாம

ஈசியூங்கிறது என்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், ஸ்டாக்னா வண்டியோடவே வந்தது. இன்ஜெக்டர்ங்கிறது ஈசியூ சொல்ற நேரத்துக்கு மட்டும் திறந்து பெட்ரோல் தெளிக்கிற வால்வு, எவ்வளவு நேரம்னு ஈசியூ பாக்குற டேபிள் தான் மேப். பெரிய இன்ஜெக்டர் வாங்கிட்டு வர்றவங்க முதல்ல கேக்குறது "மேப்ல என்ன நம்பர் போடணும்"னு தான். அது இந்த வேலையில எட்டாவது படி. அதுக்கு முன்னாடி ஏழு படி இருக்கு, அதுல ரெண்ட தாண்டிக் குதிச்சவங்க தான் ஈசியூ கருகிப்போச்சுன்னு வந்து நிக்கிறாங்க. அதனால இங்க எழுதியிருக்கிற வரிசையிலயே போங்க.

உதாரணத்துக்கு ஒரு நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின எடுத்துக்குவோம். அதுல இருக்கிறது 240 சிசி (முழுசா திறந்தா நிமிஷத்துக்கு விடுற பெட்ரோல்), 14 ஓம் இன்ஜெக்டர். போடப் போறது 440 சிசி, 2.5 ஓம் இன்ஜெக்டர். கணக்கு எல்லாம் இத வச்சுத் தான்.

1. கையில இருக்க வேண்டியது

நல்ல மல்டிமீட்டர், ஒயிட்பேண்ட் லாம்டா மீட்டர் (காத்து பெட்ரோல் கலவைய நம்பரா காட்டுறது, 1க்கு கீழ ரிச், மேல லீன்), ஃபியூவல் பிரஷர் கேஜ், ஃபியூவல் ட்ரிம் (ஈசியூ தானா கூட்டிக் குறைக்கிற பெட்ரோல் சதவீதம்) காட்டுற ஸ்கேன் டூல், பக்கத்துலயே ஃபயர் எக்ஸ்டிங்குயிஷர். ஆஸிலோஸ்கோப்பும் கரண்ட் கிளாம்பும் கிடைச்சா பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துரும், சின்ன யூஎஸ்பி ஸ்கோப்பே போதும்.

ஒயிட்பேண்ட் இல்லாம ஆரம்பிக்காதீங்க. வண்டியில வர்ற சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் ரிச்சா (பெட்ரோல் அதிகம்) லீனான்னு (பெட்ரோல் கம்மி) மட்டும் தான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. இன்ஜெக்டர் மாத்தும்போது அந்த "எவ்வளவு" தான் முழு வேலையுமே.

இன்னொன்னு, வண்டி இப்ப இருக்கிற நிலையிலயே ஐட்லிங், க்ரூஸ், ஃபுல் லோட் மூணுலயும் ட்ரிம், லாம்டா, ஃபியூவல் பிரஷர் எல்லாத்தையும் எழுதி வச்சுக்கோங்க. ஏற்கனவே வேக்யூம் லீக் இருக்கிற என்ஜின்ல புது இன்ஜெக்டர் போட்டீங்கன்னா எது பழைய கோளாறு எது புது கோளாறுன்னு பிரிக்கவே முடியாது.

2. ஓம் அளக்கிறது

கனெக்டர கழட்டி இன்ஜெக்டரோட ரெண்டு பின்னுக்கு நடுவுல அளங்க. 12ல இருந்து 16 ஓம் வந்தா ஹை இம்பீடன்ஸ், 1.5ல இருந்து 4 ஓம் வந்தா லோ இம்பீடன்ஸ். ரெண்டு மூணு ஓம் அளக்கும்போது மீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸே 0.3 வரைக்கும் வரும், ரெண்டு முனையையும் ஒன்னா தொட வச்சு வர்ற அளவ கழிச்சிருங்க.

ஓம் பாக்கச் சொல்றதுக்கு காரணம் கரண்ட். 14 வோல்ட்ல 14 ஓம் இன்ஜெக்டர் 1 ஆம்ப் இழுக்கும், 2.5 ஓம் இன்ஜெக்டர் 5.6 ஆம்ப் இழுக்கும். ஹை இம்பீடன்ஸுக்குன்னு செஞ்ச ஈசியூல டிரைவர் (இன்ஜெக்டர் கரண்ட்ட ஆன் ஆஃப் பண்ற பாகம்) ஒரு ஆம்ப், ஒன்றரை ஆம்ப் மனசுல வச்சு செஞ்சது. பாதுகாப்பு உள்ள டிரைவர் ஐசின்னா ஓவர் கரண்ட் பாத்து மூடிக்கும், இல்லாததுன்னா எரியும்.

ஈசியூ பக்கமும் பாக்கணும். நாலு இன்ஜெக்டருக்கும் தனித்தனி வயர் போகுதா, இல்ல ரெண்டு மூணு சேந்து ஒரே பின்னுக்கு போகுதான்னு கன்டினியூட்டி வச்சு பாருங்க. சேந்து போனா கணக்கு மாறும்: 14 ஓம் நாலு பேரலல்ல இருந்தா மொத்தம் 3.5 ஓம், அந்த டிரைவர் ஏற்கனவே 4 ஆம்ப் தாங்குது. அதே இடத்துல 2.5 ஓம் நாலு பேரலல்ல போட்டா 0.6 ஓம், எந்த டிரைவரும் தாங்காது.

வண்டியில ரெசிஸ்டர் பாக்ஸ் இருக்கான்னும் தேடுங்க. பழைய ஹோண்டா, மிட்சுபிஷி மாடல் சிலதுல, அதுவும் டர்போ வண்டிகள்ல, கம்பெனியே லோ இம்பீடன்ஸ் இன்ஜெக்டர் போட்டு சீரீஸ்ல ஒரு ரெசிஸ்டர் பாக்ஸும் வச்சிருப்பாங்க. அந்த வண்டியில ஹை இம்பீடன்ஸ் போடுறதா இருந்தா பாக்ஸ பைபாஸ் பண்ணியே ஆகணும். விட்டுட்டா வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனா குளிர்ல செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கினா இன்ஜெக்டர் சரியா திறக்காது. எல்லாரும் அதுக்கு பம்ப்ப தான் சந்தேகப்படுவாங்க.

3. எவ்வளவு பெரிசு வேணும்

குதிரைத்திறன பிஎஸ்எஃப்சியால (ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு எத்தனை பவுண்டு பெட்ரோல்ங்கிற எண்) பெருக்கி, இன்ஜெக்டர் எண்ணிக்கையாலயும் டியூட்டி சைக்கிளாலயும் (மொத்த நேரத்துல இன்ஜெக்டர் திறந்திருக்கிற பங்கு) வகுத்தா ஒரு இன்ஜெக்டருக்கு மணிக்கு எத்தனை பவுண்டுன்னு வரும். பெட்ரோல்ல டர்போ இல்லாத என்ஜினுக்கு 0.5, டர்போவுக்கு 0.6 வச்சுக்கலாம். 200 குதிரைத்திறன் டர்போ, 4 இன்ஜெக்டர், 85 சதவீதம் டியூட்டி: கிட்டத்தட்ட 35 பவுண்டு. அத 10.5ஆல பெருக்குனா நிமிஷத்துக்கு 370 சிசி. 440 போட்டா கொஞ்சம் கையிருப்பு இருக்கும்.

85 சதவீதம் ஏன்னா, 6000 ஆர்பிஎம்ல ஒரு முழு சைக்கிளுக்கு இருக்கிறதே 20 மில்லிசெகண்ட். 17க்கு மேல போனா இன்ஜெக்டர் முழுசா மூடவே நேரம் இல்ல, அதுக்கப்புறம் ஈசியூ சொல்ற அளவுக்கும் உள்ள போற அளவுக்கும் சம்பந்தம் இருக்காது.

பிரஷரையும் சேருங்க. இன்ஜெக்டர் மேல போட்டிருக்கிற சிசி பெரும்பாலும் 3 பார்ல அளந்தது. ஃப்ளோ பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி தான் கூடும், அதனால 440 சிசி 4 பார்ல 508 சிசி ஆயிரும். இத கவனிக்காம 440ன்னு போட்டுட்டு ரெண்டு நாள் மேப்போட மல்லுக்கட்டினவங்கள பாத்திருக்கேன்.

"இப்பவே 1000 சிசி போட்டுருவோம், பின்னாடி உதவும்"னு நினைக்காதீங்க. பல்ஸ் (ஒவ்வொரு தடவையும் திறக்கச் சொல்ற நேரம்) ரொம்ப சின்னதா போனா இன்ஜெக்டர் நேர்கோட்டுல வேலை செய்யாது, ஐட்லிங் தடுமாறும். தேவைக்கு மேல இருபது சதவீதம் போதும்.

4. எந்த வழி

முதல் கேள்வி: அதே ஃப்ளோவுல ஹை இம்பீடன்ஸ் இன்ஜெக்டர் கிடைக்குதா? கிடைச்சா அதையே வாங்குங்க. இப்ப பெரிய சைஸ்லயும் ஹை இம்பீடன்ஸ் நல்லாவே கிடைக்குது, எலக்ட்ரிக்கல் வேலை முழுசா மிச்சம், நேரா ஏழாவது படிக்கு போயிரலாம். லோ இம்பீடன்ஸ் ஏற்கனவே கையில இருந்தா மட்டும் கீழ இருக்கிற வழிகளப் படிங்க.

ரெண்டாவது வழி ரெசிஸ்டர். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் சீரீஸ்ல 10 ஓம் போட்டா மொத்தம் 12.5 ஓம், 14 வோல்ட்ல 1.1 ஆம்ப், ஈசியூ பிழைச்சுக்கும். ஆனா ரெசிஸ்டர்ல 12 வாட்டுக்கு மேல சூடு வரும், அதனால அலுமினியம் உடம்பு உள்ள 50 வாட் ரெசிஸ்டரா வாங்கி உலோகத்துல போல்ட் போட்டு இறுக்குங்க. சும்மா தொங்க விட்டா அந்த 50 வாட்டுக்கு அர்த்தமே இல்ல. கரண்ட் குறைஞ்சதால இன்ஜெக்டர் மெதுவா தான் திறக்கும், இது இந்த வழியோட குறை. இன்ஜெக்டரோட வர்ற டெட் டைம் (சிக்னல் வந்தும் பெட்ரோல் போகாத நேரம்) டேபிள், அடுத்து சொல்ற பீக் அண்ட் ஹோல்டு டிரைவர்ல அளந்ததா இருந்தா அது இங்க செல்லாது.

மூணாவது பீக் அண்ட் ஹோல்டு டிரைவர் போர்டு. ஈசியூக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல உக்காரும். திறக்க முதல்ல 4 ஆம்ப் கொடுக்கும், திறந்ததும் 1 ஆம்புக்கு இறக்கிப் பிடிச்சுக்கும். எல்எம்1949ங்கிற பழைய ஐசி இதுக்குன்னே வந்தது, 0.1 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர் வச்சா இதே 4 ஆம்ப், 1 ஆம்ப் அளவு தான் கொடுக்கும். லோ இம்பீடன்ஸ் இன்ஜெக்டருக்கு சரியான வழி இதுதான், முடிஞ்சா இதையே பண்ணுங்க.

நாலாவதா நிறைய பேர் கேக்குறது: "ஈசியூவ பிரிச்சு பெரிய மாஸ்ஃபெட் (டிரைவர்ல இருக்கிற டிரான்சிஸ்டர்) மாத்திட்டா போதாதா?" போதாது. மாஸ்ஃபெட் 5.6 ஆம்ப்ப தாங்கிரும், காயில் தாங்காது. 2.5 ஓம் காயில்ல 5.6 ஆம்ப் தொடர்ந்து போனா 78 வாட் சூடு. டியூட்டி சைக்கிள் ஏற ஏற இன்ஜெக்டர் வெந்துரும். டிரைவரோட சைஸ் இங்க பிரச்சனையே இல்ல, கரண்ட்ட கட்டுப்படுத்த ஆள் இல்லாதது தான் பிரச்சனை.

ஸ்டாக் ஈசியூக்கு பதிலா மெகாஸ்குவர்ட் வி3.0 மாதிரி நாமளே செட் பண்ற ஈசியூ போர்டு வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் ஒன்னு. அதுல லோ இம்பீடன்ஸுக்கு கரண்ட் லிமிட் செட்டிங் உள்ளயே இருக்கு, 1 மில்லிசெகண்ட், 30 சதவீதம்னு ஆரம்பிக்கலாம். ஹை இம்பீடன்ஸ்ல இருந்து மாத்தினவங்க அது 100 சதவீதத்துலயே இருக்கிறத மறந்துடுறாங்க. பவர் கொடுக்கிறதுக்கு முன்னாடி அதப் பாருங்க.

5. வயரிங்

பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு ஆரம்பிங்க. இன்ஜெக்டரோட ஒரு பக்கம் ரிலே வழியா 12 வோல்ட் நேரா வருது, ஈசியூ மத்த பக்கத்த தான் கிரவுண்டோட சேக்குது. இத மனசுல வச்சுக்கிட்டா எந்த வயர வெட்டணும்னு குழப்பம் வராது.

ரெசிஸ்டர் வழின்னா ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனி ரெசிஸ்டர். பொதுவான 12 வோல்ட் வயர்ல ஒரே ரெசிஸ்டர் போட்டு முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, ரெண்டு இன்ஜெக்டர் ஒரே நேரத்துல திறக்கும்போது ரெண்டுக்கும் கரண்ட் குறையும், அது ஆர்பிஎம் ஏற ஏற மாறிக்கிட்டே இருக்கும், அத எந்த மேப்பாலயும் சரி பண்ண முடியாது.

டிரைவர் போர்டுன்னா ஈசியூ வயர் போர்டோட இன்புட்டுக்கு, போர்டோட அவுட்புட் இன்ஜெக்டருக்கு. ஈசியூ கிரவுண்டுக்கு மட்டும் தான் இழுக்கும், தானா மேல தள்ளாது, அதனால இன்புட்ல புல்லப் ரெசிஸ்டர் இருக்கணும். போர்டுல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 12 வோல்ட்டுக்கு 1 கிலோ ஓம் போடுங்க.

போர்டோட பவர் கிரவுண்ட நேரா என்ஜின் பிளாக்குக்கு தடிமனான வயர்ல கொண்டு போங்க. சென்சார் கிரவுண்ட் பக்கத்துல இருக்குன்னு அதுல சேத்துடாதீங்க. 4 ஆம்ப் துடிப்பு அந்த வயர்ல போகும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும், மேப் சென்சாரும் (மேனிஃபோல்டு பிரஷர் அளக்கிறது) டெம்பரேச்சர் சென்சாரும் அதோட சேந்து ஆடும். இப்படி கிரவுண்ட் போட்ட ஒரு வண்டிய மூணு நாள் டியூன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, கடைசியில மாத்த வேண்டி இருந்தது ஒரே ஒரு வயர்.

போர்டு போட்டதும் சில ஈசியூ பி0201ல இருந்து பி0204 வரைக்கும் எரர் கோடு போடும். இன்ஜெக்டர் மூடும்போது காயில்ல இருந்து வர்ற வோல்டேஜ் ஸ்பைக்க ஈசியூ எதிர்பாக்குது, நடுவுல போர்டு வந்ததால அது காணோம். வெறும் ரெசிஸ்டர டம்மியா வச்சா அதுல காயில் இல்லாததால சில ஈசியூ ஒத்துக்காது, பழைய ஹை இம்பீடன்ஸ் இன்ஜெக்டரையே எங்கயாவது பத்திரமா டம்மி லோடா மாட்டலாம்.

சொந்தமா டிரைவர் செய்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜெக்டருக்கு குறுக்க சாதாரண டையோட மட்டும் போட்டு விடாதீங்க. ஸ்பைக் அடங்கிரும், ஆனா காயில்ல கரண்ட் மெதுவா தான் வடியும், இன்ஜெக்டர் லேட்டா மூடும். மூடுற நேரத்துல 30 வோல்ட்டுக்கு மேல விடுற ஜீனர் கிளாம்ப் வேணும்.

6. டேபிள் மேல டெஸ்ட்

என்ஜின்ல மாட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு இன்ஜெக்டர், ஒரே ஒரு சேனல். பெட்ரோல் வேண்டாம். சின்ன பல்ஸ் கொடுத்து சில நொடி மட்டும் கிளிக் சத்தம் கேக்குதான்னு பாருங்க, காய்ஞ்ச இன்ஜெக்டர ரொம்ப நேரம் ஓட்டக்கூடாது. 2.5 ஓம் இன்ஜெக்டர நேரா பேட்டரியில தொட வச்சு டெஸ்ட் பண்ற பழக்கத்த விட்ருங்க, காயில் போகுறதுக்கு நொடிகள் போதும்.

ஸ்கோப் இருந்தா கரண்ட் கிளாம்ப் வச்சு பாருங்க. கரண்ட் ஏறிக்கிட்டே போயி நடுவுல ஒரு சின்ன பள்ளம் விழும், ஊசி திறந்த நொடி அதுதான். பல்ஸ் ஆரம்பத்துல இருந்து அந்த பள்ளம் வரைக்கும் எவ்வளவு நேரம்னு 14, 12, 10 வோல்ட் மூணுலயும் எழுதி வச்சுக்கோங்க. எட்டாவது படியில இந்த நம்பர் தான் தங்கம். மூடுறதுக்கும் கொஞ்ச நேரம் ஆகும், அதனால உண்மையான டெட் டைம் இதவிட கொஞ்சம் குறைவா வரும், ஆரம்பிக்க இது போதும்.

7. என்ஜின்ல மாட்டுறது

பிரஷர இறக்கிட்டு ஃபியூவல் ரெயில (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் கொண்டு வர்ற குழாய்) கழட்டுங்க. புது ஓ ரிங், அதுல கொஞ்சம் என்ஜின் ஆயில். காய்ஞ்ச ஓ ரிங்க அழுத்தி ஏத்தினா கிழியும், கிழிஞ்சது வெளிய தெரியாது. இன்ஜெக்டர் உயரம் பழசோட ஒத்துப்போகுதான்னு பக்கத்துல வச்சு பாருங்க, ரெயில் போல்ட்ட இறுக்கி உயரத்த சமாளிக்கிறது வேலைக்கு ஆகாது.

ஸ்டார்ட் பண்ணாம கீ மட்டும் ஆன் பண்ணி பம்ப்ப ரெண்டு மூணு தடவ ஓட விட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலயும் கீழயும் விரல் வச்சு ஈரம் இருக்கான்னு பாருங்க. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல பெட்ரோல் லீக் ஆனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. இந்த ரெண்டு நிமிஷத்த யாருக்காகவும் விடாதீங்க.

8. மேப்ல நம்பர் போடுறது

முதல்ல ஒரிஜினல் ஃபைல ரெண்டு தடவ படிச்சு, ரெண்டும் ஒன்னா இருக்கான்னு ஒப்பிட்டு, தனியா எடுத்து வைங்க. 27சி256 மாதிரி சிப் உள்ள பழைய ஈசியூன்னா சிப்ப சாக்கெட்ல மாத்தணும், ஃபிளாஷ் ஈசியூன்னா செக்சம் (ஃபைல் கெடாம இருக்கான்னு ஈசியூ சரிபாக்குற எண்) சரி பண்ணனும். செக்சம் தப்பா எழுதினா சில ஈசியூ ஸ்டார்டே ஆகாது.

இன்ஜெக்டர் கான்ஸ்டன்ட் (இன்ஜெக்டர் சைஸ ஈசியூக்கு சொல்ற எண்): பழசு வகுத்தல் புதுசு, 240 வகுத்தல் 440, அதாவது 0.545. பழைய பல்ஸ் 10 மில்லிசெகண்ட்னா இப்ப 5.45. சில ஈசியூல சிசியா போடணும், சிலதுல பெருக்குற எண்ணா போடணும், எந்த பக்கம் கூட்டினா எந்த பக்கம் போகும்னு முதல்லயே தெளிவா இருங்க.

டெட் டைம் டேபிள்: பேட்டரி வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி. 14 வோல்ட்ல 1 மில்லிசெகண்ட் ஆகுற இன்ஜெக்டருக்கு 10 வோல்ட்ல ஒன்றரையோ ரெண்டோ ஆகலாம். பழைய இன்ஜெக்டரோட டேபிள அப்படியே விடக்கூடாது.

கிராங்கிங் டேபிள்: எல்லாரும் மறக்குற இடம். நிறைய ஈசியூல செல்ஃப் அடிக்கும்போது கொடுக்கிற பல்ஸ் தனி டேபிள், கான்ஸ்டன்ட்ட மாத்தினா அது மாறாது. அதையும் 0.545ஆல பெருக்குங்க. இல்லன்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெட்ரோல் போயி பிளக் நனைஞ்சு ஸ்டார்ட் ஆகாது, நீங்க வயரிங் தப்புன்னு நினைச்சு எல்லாத்தையும் திரும்ப பிரிப்பீங்க. ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட்டும் (ஆக்ஸிலரேட்டர மிதிக்கும்போது கூடுதலா விடுற பெட்ரோல்) தனியா மில்லிசெகண்ட்ல இருந்தா அதே கதை தான்.

செய்யவே கூடாத ஒன்னு இருக்கு. ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில கான்ஸ்டன்ட்ட மாத்த முடியலன்னு மீட்டர் சிக்னல குறைச்சு ஏமாத்துறாங்க. பெட்ரோல் அளவு சரியா வந்துரும், ஆனா ஈசியூ லோடு கம்மின்னு நம்பி இக்னிஷன அதிகமா அட்வான்ஸ் பண்ணும் (ஸ்பார்க்க முன்கூட்டியே கொடுக்கும்), ஃபுல் லோட்ல நாக் ஆகும் (கலவை தாறுமாறா வெடிக்கும்), பிஸ்டன் போகும். சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட்ட தொட முடியாத ஈசியூன்னா இந்த இன்ஜெக்டரே வேண்டாம்.

9. முதல் ஸ்டார்ட், அப்புறம் ரெண்டு இடத்துல டியூன்

ட்ரிம் எல்லாம் ரீசெட் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. என்ஜின் முழுசா சூடாகுற வரைக்கும் எதையும் தொடாதீங்க, சூடாகாத என்ஜின்ல என்ரிச்மென்ட் கலந்து எல்லா நம்பரும் பொய் சொல்லும்.

ரெண்டு இடத்துல ட்ரிம் பாருங்க: ஐட்லிங்ல ஒன்னு, சீரான நடுத்தர லோட்ல ஒன்னு. ஐட்லிங்ல உண்மையா பெட்ரோல் போற நேரம் இப்ப 1 மில்லிசெகண்ட் தான்னு வச்சுக்குவோம், டெட் டைம்ல 0.15 தப்பு இருந்தா அங்க 15 சதவீதம் தப்பு. 10 மில்லிசெகண்ட் போற இடத்துல அதே 0.15, ஒன்றரை சதவீதம் தான். அதனால ஐட்லிங்ல மட்டும் ட்ரிம் விலகினா டெட் டைம், ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு விலகினா கான்ஸ்டன்ட்.

ஐட்லிங்ல ப்ளஸ் 12, க்ரூஸ்ல ப்ளஸ் 1ன்னா டெட் டைம கூட்டுங்க. ரெண்டுலயும் ப்ளஸ் 8ன்னா இன்ஜெக்டர் நீங்க சொன்னத விட சின்னதுன்னு அர்த்தம், சிசிய 8 சதவீதம் குறைங்க. முதல்ல லோட்ல கான்ஸ்டன்ட்ட பிடிங்க, அப்புறம் ஐட்லிங்ல டெட் டைம். திருப்பிப் பண்ணா ரெண்டும் மாறி மாறி ஓடிக்கிட்டே இருக்கும், முடிவே வராது. ரெண்டு இடத்துலயும் ப்ளஸ் மைனஸ் 5க்குள்ள வந்தா போதும்.

இப்ப ஐட்லிங்ல ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க. வோல்டேஜ் இறங்கும்போது லாம்டா நகர்ந்தா டெட் டைம் டேபிள்ல அந்த வோல்டேஜ் வரிசை தப்பு. இந்த டெஸ்ட்ட பண்ணாதவங்க தான் மழைக்கால ராத்திரியில ஐட்லிங் ஆடுதுன்னு சொல்றவங்க.

10. ஃபுல் லோட்

ட்ரிம் இங்க உதவாது, ஒயிட்பேண்ட் மட்டும் தான். பொது ரோட்டுல வேண்டாம், டைனோவுலயோ (வண்டிய நிக்க வச்சே ஓட்டிப் பாக்குற மெஷின்) மூடின ட்ராக்லயோ பண்ணுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க: 3000 வரைக்கும் ஒரு தடவ, லாக் (பதிவான அளவுகள்) பாத்துட்டு 4000. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின்ல லாம்டா 0.87 பக்கம் இருக்கணும், டர்போன்னா அதவிட ரிச்சா. லீன் பக்கம் நகர ஆரம்பிச்சா உடனே காலை எடுங்க.

லாம்டா திடீர்னு லீன் காட்டுது, ஆனா என்ஜின் தடுமாறி எக்ஸாஸ்ட்ல பெட்ரோல் வாடை அடிக்குதுன்னா அது லீன் இல்ல. ரொம்ப ரிச்சாகி மிஸ்ஃபயர் ஆகுது, எரியாம வந்த ஆக்ஸிஜன பாத்து சென்சார் லீன்னு சொல்லுது. அங்க இன்னும் பெட்ரோல கூட்டுனா நிலைமை மோசமாகும். பிளக்க கழட்டி பாருங்க, கருப்பா நனைஞ்சிருந்தா குறைங்க. சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல லீக் இருந்தாலும் இதே மாதிரி பொய் லீன் வரும்.

லாக்ல டியூட்டி சைக்கிளும் ஃபியூவல் பிரஷரும் சேந்து இருக்கட்டும். டியூட்டி 85க்கு கீழ இருக்கும்போதே லீன் ஆனா இன்ஜெக்டர குறை சொல்லாதீங்க, பிரஷர் இறங்குதான்னு பாருங்க, பெரிய இன்ஜெக்டருக்கு பழைய பம்ப் பத்தாம போறது சகஜம். ரெசிஸ்டர் போட்டவங்க இந்த ஓட்டத்துக்கு அப்புறம் ரெசிஸ்டர் சூட்டையும், போர்டு போட்டவங்க ஹீட் சிங்கையும் ஒரு தடவ பாத்துட்டு பானெட்ட மூடுங்க.